பெயர் கூப்பிட்டபோது என் மகள் சொன்னது

ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை பார்க்கிறேன். வண்டிக்குள் போகும் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளைக் கேஜ் என்கிற அளவுக் கருவியில் நுழைத்துப் பார்க்க வேண்டும். நுழைந்தால் நல்ல பீஸ். நுழையாவிட்டால் ரிஜெக்ட். கொஞ்சம் தேய்த்தால் சரியாகும் என்றால் ரீவொர்க் தட்டில் போட வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே வேலை என்பதால் எதையும் பார்த்த மாத்திரத்தில் தரம் பிரித்துவிடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஓட்டலில் இட்லி வந்தால்கூட முதலில் திருப்பிப் பார்ப்பேன் என்று என் கணவர் கிண்டல் செய்வார். மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடும் வேலை என் தலையில் விழுந்ததற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம்.

எனக்குச் சொந்த ஊர் ராயக்கோட்டைப் பக்கம். அப்பா தக்காளி போடுகிறவர். கணவர் திருநெல்வேலிக்காரர், குருபரப்பள்ளி தாண்டி ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ். விடிவதற்குள் பஸ் வந்துவிடும் அவருக்கு. எனக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். இந்தக் கூத்தில் ஒரு குழந்தையை வளர்க்க முடிந்தது என்றால் அதற்குக் கீழ் வீட்டு அக்காதான் காரணம். நாங்கள் மாடியில் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அவர். ஆனேக்கல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். பேசுவதெல்லாம் கன்னடம். தமிழ் புரியும், பேசச் சொன்னால் கூச்சப்படுவார். அவருடைய பிள்ளைகள் இருவரும் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கள் மகள் பிறந்த சில மாதத்தில், நான் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளில், யாரும் கேட்காமலே மாடிப்படி ஏறி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போனார். அன்று முதல் அவள் பகலில் வளர்ந்தது கீழ் வீட்டில்தான். அவரை அவள் தொட்டம்மா என்று கூப்பிடுவாள். கன்னடத்தில் பெரியம்மா. வீட்டுக்குள் அந்தப் பெயரே எங்களுக்கும் பழகிவிட்டது.

மூன்று வயது நெருங்கியதும் எல்லோரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எந்த ஸ்கூல், எந்த ஸ்கூல் என்று கம்பெனி பஸ்ஸில் கேட்டார்கள், காய்கறிக் கடையில் கேட்டார்கள். எங்கள் தெரு அங்கன்வாடிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். மகளை மாதாமாதம் எடை போட்டு, சத்துமாவுப் பொட்டலம் கொடுத்து, எடை கூடாத மாதங்களில் என்னைத் திட்டி, உரிமையோடு பார்த்துக்கொண்ட டீச்சர் அங்கே இருந்தார். ஆனால் என் கணவருக்கு இங்கிலீஷ் வேண்டும். ஐடிஐ முடித்துவிட்டு வேலைக்கு வந்த புதிதில், மேனேஜர் இங்கிலீஷில் கேட்டால் விடை தெரிந்தும் வாய் வராமல் நின்றவர் அவர். தன் மகள் அப்படி நிற்கக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மெட்ரிக் பள்ளி பார்த்தேன். எல்கேஜியில் சேர்த்துவிட்டால் பன்னிரண்டாவது வரை கவலையில்லை என்றார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பால்மணம் மாறாத பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து நின்ற கோடும் படுத்த கோடும் போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசை சுத்தமாக இருந்ததால் எனக்குப் பிடித்தே இருந்தது. வயது போதவில்லை, அடுத்த வருஷம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி மத்திகிரிப் பக்கம் இருக்கும் ஒரு மாண்டிசோரி பள்ளியைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய மகள் அங்கே படிக்கிறாள். பள்ளி என்று போர்டு மட்டும்தான், மற்றபடி அது ஒரு வாடகை வீடு. பெஞ்சு கிடையாது, ரைம்ஸ் கிடையாது, பரீட்சை கிடையாது. பிள்ளைகள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பருப்பை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு மாற்றுகிறார்கள், குடித்த டம்ளரைத் தாங்களே கழுவி வைக்கிறார்கள் என்றாள். இதை அப்பாவிடம் போனில் சொன்னேன். டம்ளர் கழுவப் பணம் கட்டிச் சேர்க்கணுமா, எங்க வீட்டுக்கு அனுப்பு, இங்க அண்டாவே கிடக்குது என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். போய்ப் பார்க்காமலே ரிஜெக்ட் தட்டில் போட்டுவிட்டேன்.

கடைசியில் பாகலூர் ரோட்டில் ஒரு ப்ளே ஸ்கூலில் சேர்த்தோம். வாசலில் பிளாஸ்டிக் யானை, உள்ளே செயற்கைப் புல், ஸ்பீக்கரில் இங்கிலீஷ் பாட்டு. வாரத்துக்கு ஒரு நிறம் உண்டு. மஞ்சள் வாரம் என்றால் சட்டையும் மஞ்சள், டப்பாவில் இருப்பதும் மஞ்சளாக இருக்க வேண்டும். எலுமிச்சை சாதம் செய்து செய்து எனக்கே அலுத்துப்போனது. ஆனாலும் மகள் குதித்துக்கொண்டுதான் போனாள். வகுப்பு மிஸ் திருச்சிப் பக்கத்துப் பெண். கணவருக்கு மாற்றலாகி ஓசூருக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல பெண். மகள் மூக்கு ஒழுகிக்கொண்டு போன நாட்களில் தன் கைக்குட்டையால் துடைத்து, சாயங்காலம் மறக்காமல் எனக்குப் போன் செய்து கஷாயம் கொடுங்கள் என்பாள். பெற்றோர் வகுப்புக்குள் போகக் கூடாது என்பது அங்கே விதி. வாசல் யானையோடு எங்கள் எல்லை முடிந்துவிடும்.

தீபாவளி முடிந்த பிறகு பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும் போனேன். மிஸ் என்னைத் தனியாக உட்கார வைத்தபோதே எனக்குச் சுருக்கென்றது. ரைம்ஸில் சேருவதில்லை என்றாள். அது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. பிறகு தயங்கித் தயங்கி இதைச் சொன்னாள்.

"காலைல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப எல்லாரும் ‘ப்ரெசன்ட் மிஸ்’ சொல்லுவாங்க மேடம். இவ பேரைக் கூப்பிட்டா மட்டும் ‘இல்ல’ங்கறா. தெனமும். ‘இருக்கியேடா கண்ணா’ன்னு நான் சொன்னாலும் திரும்பவும் ‘இல்ல’ங்கறா. மத்த பிள்ளைங்க சிரிக்குதுங்க. இப்பல்லாம் கூப்பிட்டா வாயே திறக்கறதில்ல."

எங்கள் வீட்டில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள். பதில் சொல்லும் பழக்கமே எங்களிடம் கிடையாது. ஆகவே மிஸ் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். பிறகு பள்ளியின் மேலாளர் அம்மா வந்து உட்கார்ந்தார். வீட்டில் எத்தனை மொழி என்று கேட்டார். நான் சொன்னதும், அதுதான் குழப்பம், இன்று முதல் வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவரையும் கன்னடம் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். ஒரு மாதத்தில் மாற்றம் இல்லையென்றால் பெங்களூரில் பேச்சுப் பயிற்சி டாக்டரைப் பார்க்கச் சொன்னார். எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார்: அப்பா அம்மா இருவரும் ஷிப்ட் வேலைக்குப் போகும் வீடுகளில் சில குழந்தைகளுக்குத் தாங்கள் யாருக்கும் வேண்டாதவர்கள் என்று தோன்றிவிடுவது உண்டாம்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தை என்னை அறுத்தது. வண்டியை எடுக்காமல் யானை பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். மூன்று வயதுக் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், தான் இல்லை என்கிறாள். இங்கே இல்லையென்றால் எங்கே இருப்பதாக அவள் நினைக்கிறாள்? நான் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அப்பா கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். அந்த வாரங்களில் எங்கள் இரண்டு பேரையும் முழித்த கண்ணோடு ஒன்றாகப் பார்ப்பது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

அன்று சாயங்காலமே நாங்கள் இருவரும் கீழே போய்த் தொட்டம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம். என் கணவர் எந்தக் கெட்ட செய்தியையும் மரியாதையாகச் சொல்லத் தெரிந்தவர். ஸ்கூலில் சொல்கிறார்கள், கொஞ்ச நாளைக்கு இங்கிலீஷ், முடியாவிட்டால் தமிழ், கன்னடம் மட்டும் வேண்டாம் அக்கா என்றார். தொட்டம்மா மகளின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். குழந்தைக்கு எது நல்லதோ அதைச் செய்யலாம் என்று மட்டும் சொன்னார். முகத்தில் வருத்தம் தெரிந்ததா என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை. என் கவலையிலேயே நான் இருந்தேன்.

மேலே எங்கள் இங்கிலீஷ் அமர்க்களமாக நடந்தது. கம், சிட், ஈட், குட் கேர்ள் வரைக்கும் வண்டி ஓடியது. ரசம் ஊற்றட்டுமா, இன்னும் ஒரு வாய், கொழுப்பைப் பார் இவளுக்கு என்பதற்கெல்லாம் எங்களிடம் இங்கிலீஷ் இல்லை. என் கணவர் ஒரு நாள் ‘டோன்ட் சிந்து’ என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நானும் ‘யெஸ், டோன்ட் சிந்து’ என்றேன். ஆனால் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. கதை சொல்லத் தெரியாமல், கொஞ்சத் தெரியாமல், வாட் இஸ் திஸ், வாட் கலர் என்று பந்தையும் பக்கெட்டையும் காட்டி அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தோம். அவள் எங்களையே பார்ப்பாள். வாய் திறக்க மாட்டாள். முன்பெல்லாம் படியில் ஏறும்போதே காக்கா, பூனை, தண்ணி லாரி என்று ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறவள். பேச்சு நாளுக்கு நாள் குறைந்து, வேண்டியதைக் கையால் காட்ட ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு ஊட்டிக்கொண்டிருந்த என் கணவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"புள்ள வாயே தொறக்க மாட்டேங்காளே. இப்பிடியே நின்னுட்டா என்ன செய்ய?"

அதுதான் எனக்கும் பயம். இருந்த பேச்சும் போய்விட்டால் எங்கே போய்த் தேடுவது? பெங்களூர் டாக்டருக்கு நேரம் வாங்கினோம். அதற்கு இன்னும் நாள் இருந்தது. கம்பெனியில் சாப்பாட்டு மேஜையில் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அந்தத் தோழிதான் மறுபடி சொன்னாள். டாக்டரைப் பார்க்கிறபோது பார், அதற்கு முன் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மத்திகிரிக்கு வா, அங்கே அம்மாவும் கூட உட்கார்ந்து பார்க்கலாம் என்றாள். உட்கார்ந்து பார்க்கலாம் என்ற ஒன்றுக்காகவே போனேன்.

மார்கழிக் குளிர். மத்திகிரியில் பனி விலகாத நேரம். மகளுக்கு ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் செருப்பு அடுக்க ஒரு சின்ன அலமாரி இருந்தது, குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில். அந்தப் பள்ளியை நடத்துகிறவரை எல்லோரும் ஆன்ட்டி என்றார்கள். கெலமங்கலத்துக்காரர், பெங்களூரில் பயிற்சி எடுத்தவர். என்னை ஓர் ஓரத்தில் முக்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, பேச வேண்டாம், சைகை காட்ட வேண்டாம், குழந்தை உங்களைப் பார்த்தால் சிரித்தால் போதும் என்றார். மகளிடம் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. பெயர் என்ன என்றுகூடக் கேட்கவில்லை, என்னிடமிருந்தே தெரிந்துகொண்டார்.

மகள் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். எதிரே மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்தார்கள். ஒருத்தி இளஞ்சிவப்புக் கட்டைகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி மரச் சட்டத்தில் தைத்த துணியில் பட்டன் போட்டுப் போட்டுக் கழற்றினாள். அறையில் சத்தம் இருந்தது, கூச்சல் இல்லை. எங்கள் இன்ஸ்பெக்ஷன் மேஜையில் ஆளாளுக்குக் கையில் வேலை இருக்கும்போது இருக்கிற சத்தம் அது. துப்பட்டா எப்போது விடுபட்டது என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தால் என் மகள் தண்ணீர்க் குவளை முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றில் ஊற்றினாள், சிந்தியது. உடனே பயந்து என்னைப் பார்த்தாள். ஆன்ட்டி சின்னத் துணி ஒன்றை எடுத்துத் தானே கொஞ்சம் துடைத்துக் காட்டிவிட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவள் துடைத்தாள். மறுபடி ஊற்றினாள். அவள் அலுத்து எழுந்தபோது எனக்கு முக்காலியில் கால் மரத்துப்போயிருந்தது.

நடுவில் ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, இவள் பேசுவதில்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவர் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. இங்கே ஒரு வார்த்தையைக் கற்றுக்கொடுப்பதில் மூன்று கட்டம் உண்டு என்றார். முதலில் இது சிவப்பு என்று நாம் சொல்வது. அடுத்து சிவப்பு எது, காட்டு என்பது. கடைசியில்தான் இது என்ன என்று கேட்பது. நடுக் கட்டத்திலேயே பல குழந்தைகள் நிறைய நாள் இருக்கும், அவசரமில்லை என்றார். நாங்கள் வீட்டில் மூன்றாவதிலிருந்து தொடங்கியிருந்தோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குக் கிளம்பும் நேரத்துக்கு முன் ஒரு விளையாட்டு வைத்தார்கள். மௌன விளையாட்டு. பிள்ளைகள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் இருக்கப் பார்க்க வேண்டும். ஆன்ட்டி பக்கத்து அறைக்குப் போய்க் கதவோரம் நின்றுகொண்டு ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பார். தன் பெயர் கேட்டதும் அந்தக் குழந்தை சத்தமில்லாமல் எழுந்து அவரிடம் போக வேண்டும். என் மகளும் போய் உட்கார்ந்துவிட்டாள். வெளியே தெருவில் ஒரு கோழி கொத்தும் சத்தம் கேட்டது, அவ்வளவு அமைதி. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் இவள் மட்டும் பாய்மேல் மிச்சம். ஆன்ட்டி அவள் பெயரைக் கிசுகிசுத்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. அவரைப் போலவே, அதே கிசுகிசுப்பில், பதில் சொன்னாள்.

"இல்லி."

அந்த அமைதியில் கடைசி எழுத்துவரை சுத்தமாகக் கேட்டது. ஆன்ட்டிக்கு அதில் எந்த ஆச்சரியமும் இல்லை. அவரும் கிசுகிசுப்பாகவே, ‘இல்லி பா’ என்றார். கன்னடத்தில் இங்கே வா. என் மகள் எழுந்து, காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

எனக்குக் கன்னடம் தெரியாதா என்ன. கன்னட வியாபாரிகள் வந்துபோகும் ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கூடை மேல் உட்கார்ந்து வளர்ந்தவள்தானே நானும். இல்லி என்றால் இங்கே. கீழ் வீட்டில் தொட்டம்மா துணி துவைத்துக்கொண்டே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். இவள் எந்த மூலையிலிருந்தாலும் இல்லி என்று குரல் கொடுப்பாள். பகலில் தன்னைப் பார்த்துக்கொள்கிறவர் கூப்பிட்டால் அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஓசூருக்குப் புதிதாக வந்த திருச்சிக்காரப் பெண்ணுக்கு, பாட்டும் கூச்சலுமாக இருக்கிற வகுப்பில், அது ‘இல்ல’ என்று கேட்டிருக்கிறது. கேட்டதை அவள் எனக்குச் சொன்னாள். அவள் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த தமிழில் வைத்து அழுதேன்.

இப்போதும் அழுதுகொண்டுதான் இருந்தேன். ஆன்ட்டி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் நடந்ததெல்லாம் சொன்னேன். மேலாளர் அம்மா கடைசியாகச் சொன்னதையும் சொன்னேன். அவர் என் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்தார். பிறகு எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னார்.

"அவ இல்லன்னு சொல்லவே இல்லம்மா. இங்கதான் இருக்கிறேன்னு தெனமும் சொல்லிக்கினே இருந்திருக்கா."

இத்தனை வருஷத்தில் எனக்கு நல்ல செய்திகள் வந்திருக்கின்றன. வேலை நிரந்தரமானது, பிரசவம் நல்லபடியாக ஆனது, அப்பாவின் கண் ஆபரேஷன் சரியாக முடிந்தது. எதிலும் இப்படி ஒரு பாரம் இறங்கியதில்லை. அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இனி ‘ப்ரெசன்ட்’ சொல்லப் பழக்கட்டுமா என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். எதுக்கும்மா, அவள் சொல்வது எங்களுக்குப் புரிகிறதே என்றார்.

வரும் வழியில் ப்ளே ஸ்கூலில் வண்டியை நிறுத்தினேன். சண்டை போடத்தான் நினைத்துக்கொண்டு போனேன், வாக்கியங்கள்கூடத் தயாராக வைத்திருந்தேன். மிஸ் வாசலுக்கு வந்தாள். விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. ஐயோ மேடம் என்று யானையின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு குனிந்து என் மகளின் கன்னத்தைப் பிடித்து, நீ இங்கதான் இருக்கேன்னு சொன்னியாடா என்று கேட்டாள், கண்ணில் நீரோடு. என் வாக்கியங்கள் எதற்கும் வேலையில்லாமல் போய்விட்டது. அந்த மாதக் கடைசிவரை மகள் அங்கேதான் போனாள். இல்லி என்றதும் மிஸ் டிக் போட்டாள். புதிய ஊரில் கன்னடம் கற்றுக்கொள்ள இதுதான் ஆரம்பம் என்று என்னிடம் சிரித்தாள்.

கணவருக்கு அவர் கேன்டீனில் இருக்கும் நேரம் பார்த்துப் போன் செய்தேன். முழுதும் கேட்டுவிட்டு, இன்னொருக்கா சொல்லு என்றார். சொன்னேன். அதன் பிறகு தட்டுகள் மோதும் சத்தம்தான் கேட்டது. மூக்கை உறிஞ்சிவிட்டு, விஷயம் தெரிந்துவிட்டதே, அப்படியானால் பக்கத்திலிருக்கிற ப்ளே ஸ்கூலே இருக்கட்டுமா என்று கேட்டார். இங்கிலீஷ் என்ன ஆவது என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். மத்திகிரிக்குப் போக வர என் ஷிப்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆனாலும் நான் மத்திகிரி என்றேன். யானையும் மஞ்சள் சட்டையும் அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. மெட்ரிக் பள்ளி வரிசைகளிலும் எத்தனையோ பிள்ளைகள் நன்றாகத்தான் படித்து வருகிறார்கள். எனக்கு வேண்டியது, அவள் ஒரு வார்த்தை சொன்னால் அது காதில் விழுகிற இடம். இங்கிலீஷ் பின்னால் வரும், நீங்கள் டோன்ட் சிந்து கற்றுக்கொண்டது போல என்றேன். அவர் சிரித்துவிட்டார். டாக்டரையும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். பின்னால் பார்த்தோம், மூன்று மொழியையும் ஆளுக்கு ஏற்றபடி பேசுகிறாள், விட்டுவிடுங்கள் என்று அவரும் அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது தொட்டம்மா வாசலில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக்காய்க் கொட்டையைப் பிதுக்கித் தோலெடுத்துக்கொண்டிருந்தார். பனிக்காலம் வந்தால் அந்த வீட்டில் அந்தப் பருப்பு வாசம்தான். மகள் என் கையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் நின்றபடியே பாதித் தமிழிலும் பாதிக் கன்னடத்திலும் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். தான் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது என்று தெரிந்ததும் சிரிப்பார், சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கை நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஹங்காத்ரே நானு அவ்ளத்ர மாத்தாட்போதா?"

அப்படியென்றால் நான் அவளிடம் பேசலாமா என்று கேட்கிறார்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழ் பேச வராது. கன்னடம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து அவர் அந்தக் குழந்தையிடம் பேசவே இல்லை. குளிப்பாட்டியிருக்கிறார், ஊட்டியிருக்கிறார், தூங்க வைத்திருக்கிறார், எல்லாவற்றையும் வாய் திறக்காமல் செய்திருக்கிறார். மகளின் பேச்சு போய்விடுமோ என்று மேலே நாங்கள் தவித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் கீழே இவர் எங்களுக்காக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். பேசுங்கக்கா, நல்லா பேசுங்க என்றேன்.

தொட்டம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார். மகளைத் தன் பக்கம் திருப்பி உட்கார வைத்து, ஆரம்பித்தார். எதிர்வீட்டு மாடு கன்று போட்டது, தண்ணீர் லாரிக்காரர் மீசையை எடுத்துவிட்டது, பெங்களூரிலிருந்து பெரிய மகன் வந்தபோது இவளுக்கென்று வாங்கிவந்த பொம்மை அலமாரியில் இருப்பது என்று அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். மகள் ஈரப் பருப்புக்குள் கையை விட்டுக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்றுக்குட்டி என்ன நிறம் என்று கன்னடத்தில் கேட்டாள். நான் மேலே போய்ச் சோறு வைத்து, குழம்பைக் கொதிக்கவைத்து இறக்கிவிட்டுக் கீழே வந்து பார்த்தபோதும் அவர்கள் பேசி முடித்திருக்கவில்லை.